'நிற்க'வுக்குப் பிறகு

(நமது சங்க உறுப்பினர்களின் ஆண்டு ஒன்றுகூடலில், 'இணையத்தில் தமிழில் எழுதுவோம்' என்ற அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த அமர்வில் பேச அழைத்தபோது நமது செயலாளர் ஒரு வேண்டுகோள் வைத்தார். "நம் உறுப்பினர்களில் நிறையப் பேர் ஓய்வு பெற்ற பிறகு செல்பேசியிலும் கணினியிலும் தமிழில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். நன்றாக எழுதுவதற்கு ஐந்தாறு வழிகள் சொல்லுங்கோ" என்றார்.

இணையத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வழிகளுக்குப் பஞ்சம் இல்லை. தலைப்பில் ஓர் எண் இருக்க வேண்டும். முதல் வரி கேள்வியாக இருக்க வேண்டும். பத்தி மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. நடுவில் கண் கலங்கும்படி ஒரு சம்பவம், முடிவில் ஒரு நீதி, அதற்குக் கீழே 'பிடித்திருந்தால் பகிருங்கள்'. இந்த வாய்பாட்டின்படி எழுதிய நூறு கட்டுரைகளைச் சேர்ந்தாற்போல் படித்துப் பாருங்கள். ஒரே ஆசாமி நூறு பெயரில் எழுதியது போலிருக்கும்.

ஆகவே ஐந்தாறு வழிகள் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகத் தேட வேண்டியதில்லை. எழுத உட்கார்ந்ததும் அதை விட்டுவிட்டு வேறு குரலை இரவல் வாங்கிக்கொள்கிறோம். இரவல் வாங்காமல் இருப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் எழுத்தாளன் அல்ல. நாக்பூரில் ரயில்வே கணக்குப் பிரிவில் 34 வருஷம் பேரேடு பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு எழுதுகிறேன். நம் உறுப்பினர்கள் சிலர் தாங்கள் எழுதியதை எனக்கு அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்கோ" என்பார்கள். அவற்றைப் படித்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

கார்டில் இருந்த ரகசியம்

நம் வீடுகளில் போஸ்ட் கார்டு எழுதின காலம் இங்கே பாதிப் பேருக்காவது ஞாபகம் இருக்கும். தலையில் 'உ' அல்லது ஸ்ரீராமஜயம். வலது ஓரத்தில் ஊர், தேதி. 'சிரஞ்சீவிக்கு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் உங்கள் க்ஷேமத்துக்கு அடிக்கடி எழுதவும்.' அப்புறம் ஒரு வார்த்தை வரும். 'நிற்க.'

இந்த 'நிற்க' இருக்கிறதே, அது அற்புதமான வார்த்தை. சம்பிரதாயம் இத்தோடு நிற்கட்டும், இனிமேல் நான் பேசுகிறேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் சங்கதி வரும். 'நிற்க. பசு கன்று போட்டது, காளை. கிணற்றில் ஜலம் இரண்டு முழம் இறங்கிவிட்டது. அம்பிக்கு அம்மை வார்த்து, தலைக்கு விட்டாயிற்று. நீ அனுப்பின மணியார்டர் 3-ஆம் தேதி வந்தது. தபால்காரன் இனாம் கேட்டான், நாலணா கொடுத்தேன்.' இடம் போதாமல் கார்டின் ஓரத்தில் தலைகீழாக இன்னும் இரண்டு வரி.

முன்பாதியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பின்பாதியை அந்த ஒரு மனிதர்தான் எழுத முடியும். ஆனாலும் முன்பாதி வீண் அல்ல. கடிதம் வந்தாலே வயிற்றைக் கலக்கின காலத்தில், 'க்ஷேமம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் வீட்டாருக்கு உயிர் திரும்பி வரும். வாய்பாடு அந்த உபகாரத்தைச் செய்துவிட்டு இரண்டே வரியில் விலகிக்கொள்ளும். இன்றைய எழுத்தில் எனக்குத் தெரியும் குறை, கார்டு முழுவதும் 'நிற்க'வுக்கு முந்தைய வரிகளாகவே நிரம்பிவிடுவதுதான்.

ஒரு நினைவுக் கட்டுரை

இதில் நடை, அழகு ஆகியவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

ஜம்ஷெட்பூரில் பிறந்து வளர்ந்து இப்போது புனேயில் இருக்கும் ஓர் அம்மையார், தம் தாயாரின் முதல் வருஷாப்திகத்தை ஒட்டி நினைவுக் கட்டுரை ஒன்றை எழுதி எனக்கு அனுப்பியிருந்தார். 'அன்பின் சிகரம், பொறுமையில் பூமாதேவி, தியாகத்தின் திருவுருவம், எங்கள் இதயங்களில் என்றும் வாழ்கிறாள்' என்று ஒரு பக்கம் முழுக்க இப்படியே போயிற்று. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் இந்த அரங்கில் இருக்கும் யாருடைய தாயாரின் பெயரையும் அந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "கட்டுரை இருக்கட்டும்மா. அம்மா கார்த்தாலே எத்தனை மணிக்கு எழுந்துப்பா?" என்று கேட்டேன்.

"அது அப்பாவோட ஷிப்டைப் பொறுத்தது மாமா" என்றார்.

அப்பாவுக்கு எஃகு ஆலையில் வேலை. 'ஏ' ஷிப்ட் காலை 6 மணிக்கு, 'பி' பகல் 2 மணிக்கு, 'சி' இரவு 10 மணிக்கு. முறை மாறி மாறி வரும். 'ஏ' ஷிப்ட் என்றால் விடியற்காலை நாலு மணிக்குக் கரியடுப்பு மூட்டி, ஐந்தேகாலுக்குள் டிபன் டப்பா தயாராக வேண்டும். 'பி' என்றால் இரவு பத்தரைக்கு அவர் வந்து உட்காரும்போது ரசம் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். 'சி' என்றால் பகலில் அவர் தூங்குவார். தாளிக்கிற சத்தம் கேட்காதபடி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா சமைப்பாள், குழந்தைகள் ஜாடையில் பேசிக்கொள்ளும். குழந்தைகளின் பள்ளிக்கூடமோ எல்லா நாளும் ஒரே நேரம். அம்மா காலண்டரில் ஒவ்வொரு தேதியிலும் ஏகாதசி, அமாவாசைக்குப் பக்கத்திலேயே ஷிப்டின் எழுத்தையும் குறித்து வைப்பாளாம். பிறந்த வேளையைக்கூட அப்படித்தான் சொல்வாளாம்: "நீ 'பி' ஷிப்ட் விடற சமயத்துக்குப் பொறந்தே."

"இதை எழுதும்மா" என்றேன்.

"இதையா? இது சாதாரண சமாசாரமாச்சே மாமா. யார் படிப்பா?"

எழுதினார். குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பினார். பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் அவருடைய பெண், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பவள், அன்று ராத்திரியே அம்மாவைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாளாம்.

"அப்போ பாட்டி எப்பம்மா தூங்குவா?"

அந்தக் குடும்பத்தில் இதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பிள்ளைகள் மூன்று பேர், மூவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. மூவரும் தனித்தனியே யோசித்துப் பார்த்தார்கள். அம்மா படுத்துத் தூங்கிப் பார்த்த ஞாபகம் யாருக்கும் இல்லை. மூத்த பிள்ளை, "ஒரு நாள் கேட்டிருக்கலாமே" என்று சொல்லி அழுதுவிட்டாராம்.

'தியாகத்தின் திருவுருவம்' என்று படித்தவரை யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. அந்த வார்த்தை பாட்டியைப் போற்றியது. போற்றிக்கொண்டே அவளை மறைத்தும்விட்டது. காலண்டரில் எழுதின ஓர் எழுத்து அவளைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியது. சொந்தக் குரலில் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். வாய்பாட்டில் எழுதும்போது நம் நடை மட்டும் கெடுவதில்லை. நமக்குத் தெரிந்த மனிதர்களையும் நாம் இழந்துவிடுகிறோம்.

பத்ததியும் பாணியும்

இதைக் கேட்டு, சம்பிரதாயமே கூடாது என்று சொல்கிறேனோ என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் எல்லா விவரமும் வழக்கமான வரிசையில் இருந்தால்தான் சௌகரியம். முகூர்த்த நேரத்தைக் கவித்துவமாக எழுதினால் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர முடியும்.

சங்கீதத்தைப் பாருங்கள். இன்று நாம் கேட்கும் கச்சேரியின் அமைப்பு, அதாவது வர்ணத்தில் தொடங்கிக் கீர்த்தனைகள், ராகம், நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம், துக்கடா, மங்களம் என்ற பத்ததி, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநாட்டியது என்று சொல்வார்கள். அதுவும் ஒரு வாய்பாடுதான். அதே பத்ததிக்குள் உட்கார்ந்துதான் செம்மங்குடியும், ஜி.என்.பி.யும், மதுரை மணி ஐயரும் பாடினார்கள். கண்ணை மூடிக்கொண்டு வானொலியில் கேட்டாலும், ஆலாபனை நாலு பிடி போவதற்குள் யார் பாடுகிறார் என்று ரசிகர்கள் சொல்லிவிடுவார்கள். ஜி.என்.பி.யின் பிருகாக்கள் ஒரு தினுசு, மணி ஐயரின் ஸ்வரங்கள் இன்னொரு தினுசு. செம்மங்குடியின் சாரீரம் இனிமையானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சாரீரத்தை வைத்துக்கொண்டே அவர் சிகரம் தொட்டார். இன்னொருவர் சாரீரத்தை அவர் கடன் கேட்கவில்லை.

அவர்களைப் பார்த்து இளைஞர்கள் பலர் ஜி.என்.பி. மாதிரியே பாட முயன்றார்கள். எழுத்திலும் அப்படி நடந்தது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினியராக இருந்த சுஜாதா (1935–2008), தமிழ் வாக்கியத்தைச் சுருக்கி, ஆங்கில வார்த்தைகளைக் கூசாமல் சேர்த்து, துள்ளலாக ஒரு நடை எழுதினார். அது அவருடைய குரல். பிறகு ஒரு தலைமுறையே அதைப் பார்த்து எழுதியது. அவரிடம் குரலாக இருந்தது, மற்றவர்களிடம் வாய்பாடு ஆகிவிட்டது. ஆகையால் நல்ல எழுத்தைப் பார்த்து எழுதினாலும் இரவல் இரவல்தான்.

மூன்று பேர்

எல்லா நடையும் கைவந்தும் சாதாரணமாகப் பேசின ஒருவரைச் சொல்கிறேன். மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர். சீவக சிந்தாமணியை 1887-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்தவர். பண்டித நடையில் கடினமாக எழுத அவரைவிடத் தகுதி யாருக்கு இருந்தது? எண்பத்து நாலு வயதை அடைந்து, 1940-இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினபோது, திண்ணையில் உட்கார்ந்து பேரனிடம் பேசுவது போல எழுதினார். ஊர், குடும்பத்தின் கஷ்டம், படிப்புக்காக அலைந்தது, ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பேச்சும் பழக்கமும் எல்லாம் அதில் இருக்கின்றன. 1942-இல் அவர் மறைந்தபோது கதை 1899-ஆம் வருஷத்தோடு நின்றது. 122 அத்தியாயம் எழுதியும் முடியவில்லை. அவருடைய பதிப்புகளைப் படிக்கக் கல்வி வேண்டும். 'என் சரித்திரம்' படிக்க எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும்.

இரண்டாமவர் வெளியூர்த் தமிழரான நமக்கு மிகவும் கிட்டத்தில் இருப்பவர். அசோகமித்திரன் 1931-இல் செகந்தராபாத்தில் பிறந்தார். தந்தை ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு, 1952-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. அசோகமித்திரன் கடைசிவரை, 2017-இல் மறையும்வரை, செகந்தராபாத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 1977-இல் வெளிவந்த '18-வது அட்சக்கோடு' நாவலில் நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலமும் ரஜாக்கர் கலவரமும் வருகின்றன. அவ்வளவு பெரிய சரித்திரத்தை ரயில்வே குடியிருப்பில் வசிக்கும், கிரிக்கெட் ஆடும் ஒரு தமிழ்ப் பையனின் கண்ணால் பார்த்து எழுதினார். உரத்த வார்த்தை ஒன்றும் கிடையாது. காவிரிக் கரையில் வளரவில்லையே, நமக்கு எழுத என்ன இருக்கிறது என்று அவர் ஏங்கியிருந்தால் அந்த நாவல் நமக்குக் கிடைத்திருக்காது. டில்லியில் வளர்ந்த ஆதவன் (1942–1987) 'காகித மலர்க'ளில் டில்லித் தமிழ்க் குடும்பத்தை எழுதியதும் இதே தைரியத்தில்தான்.

மூன்றாமவரைக் குறிப்பாக இங்குள்ள பெண்மணிகளுக்கும் இளைஞர்களுக்கும் சொல்கிறேன். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. ஆனால் கதை சொல்வதில் கெட்டிக்காரர். 'இந்திர மோகனா' என்ற நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். 1924-இல் அது அச்சேறியது. பிற்பாடு 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். முதலில் குரல் இருந்தது, எழுத்து பின்னால் வந்தது.

டில்லியிலும் கல்கத்தாவிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதைக் குறையாகச் சொல்லிக் காட்டுவதில் பயன் இல்லை. இன்றைக்குச் செல்பேசி முன்னால் பேசினால் அதுவே தமிழில் எழுதித் தருகிறது. தோழி எழுதிக்கொண்ட வேலையைச் செல்பேசி செய்கிறது. பேசுங்கள். பிழைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இயந்திரம் எழுதட்டுமே?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல், கேட்டால் இயந்திரமே கட்டுரை எழுதித் தருகிறதே, நாம் ஏன் சிரமப்பட வேண்டும்?

எனக்கு அதன்மீது கோபம் இல்லை. கணக்குப் பிரிவில் கணினி வந்தபோது பேரேட்டுக் கூட்டல் என் கையை விட்டுப் போனது. நான் வருத்தப்படவில்லை. 'தாயன்பைப் பற்றி ஒரு கட்டுரை' என்று கேட்டால் இயந்திரம் அரை நிமிஷத்தில் வழவழவென்று ஒன்று தருகிறது. நம்மில் பலர் எழுதுவதைவிட நன்றாகவே இருக்கும். இதில் ஓர் உண்மை தெரிகிறது. வாய்பாட்டு எழுத்தின் விலை இன்றைக்குப் பூஜ்யம். அதை எழுதுவதற்கு இனி மனிதன் தேவையில்லை. ஆனால் 'சி' ஷிப்டில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்ட அம்மாளை அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அவர் பெண் சொன்னால்தான் உண்டு.

நான் கடைப்பிடிக்கும் சில வழக்கங்கள்

வழிகள் சொல்ல மாட்டேன் என்றேன். செயலாளர் முகம் வாடக் கூடாது அல்லவா? என் வழக்கங்களைச் சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் ஒருவரை நினைத்துக்கொள்வேன். 'வாசகர்கள்' என்று கூட்டமாக நினைத்தால் குரல் மேடைக்குப் போய்விடும். என் தங்கையிடம் சொல்வதாக நினைத்தால், 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று வாயில் வராது. அவள் சிரித்துவிடுவாள்.

எழுதி முடித்ததும் முதல் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் கட்டுரை அதன் பிறகுதான் தொடங்கியிருக்கும். முதல் பத்தி என்பது தொண்டையைக் கனைத்துக்கொள்வது. கார்டில் அது இரண்டு வரிதான் இருந்தது.

பாராட்டு வார்த்தை வரும் இடத்தில் ஒரு பொருளை அல்லது செயலை வைக்க முடியுமா என்று பார்ப்பேன். காசி யாத்திரைக் கட்டுரைகள் நமது பத்திரிகைக்கு நிறைய வருகின்றன. 'கண்கொள்ளாக் காட்சி', 'மெய்சிலிர்த்தது', 'ஜன்ம சாபல்யம்'. உங்களுக்கு மெய் சிலிர்த்தது என்பதை நம்புகிறேன். எந்தப் படித்துறையில், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள், காசியில் எந்தக் காயை விட்டுவிட்டு வந்தீர்கள், அது இல்லாமல் வீட்டில் சமையல் எப்படி நடக்கிறது என்று எழுதினால் எனக்கும் கொஞ்சம் சிலிர்க்கும்.

ஊர் வார்த்தைகளை ஒளிக்க மாட்டேன். நாக்பூரில் வெயில் காலத்தில் கூலருக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி, ராத்திரி தண்ணீர் ஊற்றுவோம். மே மாத வெயிலில் வடாம் ஒரே நாளில் காய்ந்துவிடும். தர்ரி போஹா என்பதைக் 'காரக் குழம்பு ஊற்றிய அவல்' என்று எழுதினால் நாக்பூர் வாசனை போய்விடும். மாதுங்காக்காரர் மராத்தி கலந்து பேசுவார், பாலக்காட்டுக்காரர் பேச்சில் மலையாளம் வரும், ஹைதராபாத்காரர் 'நக்கோ' என்பார். அது தமிழுக்குக் களங்கம் அல்ல, நம் வாழ்க்கையின் விலாசம். அதற்காக ஒவ்வொரு வரியிலும் 'ஆத்துலே, அவாத்துலே' என்று வலிந்து எழுதவும் வேண்டாம். வலிந்து எழுதினால் அதுவும் ஒரு வேஷம்தான். பேசுகிறவர் வாயில் வரட்டும், எழுதுகிறவர் தம் இயல்புப்படி எழுதட்டும்.

சமையலையும் இப்படித்தான் எழுத வேண்டும். எஸ். மீனாக்ஷி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' புத்தகத்தை எத்தனை கல்யாணப் பெண்கள் டிரங்குப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள்! கூட மாமியாரோ தாயாரோ இல்லாத ஊரில், பக்கத்தில் நின்று ஒருவர் அளவும் பக்குவமும் சொல்வது போல இருந்ததால்தான் அது நிலைத்தது. 'நாவில் எச்சில் ஊறும்' என்ற வர்ணனையால் அல்ல.

நமக்கே உரிய ஒரு வாய்பாடு

முடிக்கும் முன் கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பத்திரிகைகளுக்கென்று ஒரு வாய்பாடு இருக்கிறது. 'அந்தக் காலம் மாதிரி வருமா?' கூட்டுக் குடும்பம், வாசல் நிறையக் கோலம், ஆசாரம், அன்பு, நெய் மணக்கும் பருப்புப் பாயசம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பாயசத்தைக் கிளறினவள் யார்? பதினாறு வயதில் கணவனை இழந்து, நார்மடி உடுத்தி, அண்ணா வீட்டுச் சமையலறையிலேயே அறுபது வருஷத்தைக் கழித்த அத்தைப்பாட்டி பல வீடுகளில் இருந்தாள். அவளும் அந்தக் காலத்தில்தான் இருந்தாள். வாய்பாட்டில் அவளுக்கு இடம் இல்லை. அவள் பெயரைக்கூடச் சொல்லாமல், 'அத்தை' என்றே கூப்பிட்டுக் காலத்தைத் தள்ளிவிட்டோம்.

அவளைப் பற்றி எழுதினால் குடும்பத்துக்கு இழுக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் என்ன பாட்டு முணுமுணுத்தாள், யாருக்காகச் சண்டை போட்டாள், எந்தக் குழந்தையை ரகசியமாக அதிகம் கொஞ்சினாள் என்பது உங்களுக்குத் தெரியும். சொந்தக் குரலில் எழுதுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும் என்பது இதனால்தான். வாய்பாட்டில் எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

மாதுங்காவில், கரோல் பாக்கில், கல்கத்தா லேக் மார்க்கெட்டில், செகந்தராபாத்தில், ஜம்ஷெட்பூரில் நம்மவர்கள் வாழ்ந்த வாழ்க்கை இன்னும் சரியாக எழுதப்படவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. பலர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் விவரம் எந்த நூலகத்திலும் கிடையாது. வேறு யாராவது எழுதுவார்கள் என்று காத்திருக்கவும் முடியாது, ஏனென்றால் அது வேறு யாருக்கும் தெரியாது.

ஆகவே ஒரு கோரிக்கை. அடுத்த மூன்று மாதத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி, அவர் ஒரு நாளை எப்படிக் கழித்தார் என்று காலையிலிருந்து ராத்திரிவரை எழுதுங்கள். பாராட்ட வேண்டாம், நீதி சொல்ல வேண்டாம், அழகாக இருக்க வேண்டும் என்று கவலைப்படவும் வேண்டாம். எழுதினதை முதலில் உங்கள் வீட்டுக் குழந்தைகளிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் ஏதாவது ஒரு கேள்வி கேட்டால், உங்கள் குரல் உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பதில் தெரிந்தவர் இன்னும் வீட்டில் இருந்தால், அன்றைக்கே போய்க் கேட்டுவிடுங்கள்.